எந்தச் சத்திரசிகிச்சைத் துறை? ஓர் இளம் வைத்தியருக்குப் பதில்

வாசகர் கேள்வி:

"மதிப்பிற்குரிய டொக்டர், நான் வவுனியாவைச் சேர்ந்தவள். உள்ளகப் பயிற்சியை முடித்துவிட்டு, இப்போது கொழும்பில் ஒரு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை விடுதியில் வைத்திய அதிகாரியாக இருக்கிறேன். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சத்திரசிகிச்சை நிபுணராக வரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; எந்தத் துறை என்பதில்தான் குழப்பம். மூளைக் கட்டி ஒன்றை அகற்றியதைப் பார்த்த நாளிலிருந்து நரம்பியல் சத்திரசிகிச்சையே மனத்தில் நிற்கிறது. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில்தான் வருமானம் என்கிறார்கள் நண்பர்கள். பெண்பிள்ளைக்குக் கண் வைத்தியம் போதும் என்கிறார்கள் வீட்டில். போதாக்குறைக்கு, தையல் போடும்போது என் கை நடுங்குகிறது. நிபுணர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் அதைச் சுட்டிக் காட்டிவிட்டார். நிபுணர் பயிற்சிக்கான பரீட்சைக்கு முன் இருக்கும் காலத்தில் நான் என்ன செய்யவேண்டும்? என் சிங்களமும் அரைகுறைதான்."

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கை நடுக்கத்தை முதலில் எடுக்கிறேன். கடிதத்தின் பின்பகுதியில் ஓரிரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மற்றக் கேள்விகளையும் அதுதான் பின்னால் நின்று தள்ளுகிறது என்று எனக்குப் படுகிறது.

கை நடுங்காத மனிதர் இல்லை. விரல்களை நீட்டிப் பிடித்தால் நொடிக்கு 8 முதல் 12 தடவை வரை நுண்ணிய அதிர்வு எல்லோர் கையிலும் இருக்கும். உங்களைச் சபையில் வைத்துச் சொன்னவரின் கையிலும் இருக்கிறது. தூக்கமின்மை, வெறும் வயிறு, அடுத்தடுத்துக் குடித்த கோப்பி, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து எல்லாம் அதைப் பெரிதாக்கும். உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் இன்னும் பெரிதாக்கும். வெட்கப்படுத்திக் கற்பிக்கும் வழக்கம் எனக்கு ஒருபோதும் உடன்பாடானதல்ல. பயந்த கை கருவியை இறுக்கிப் பிடிக்கிறது; இறுகிய கை மேலும் நடுங்குகிறது. கற்பிப்பவர் தானே உண்டாக்கிய குறையை மாணவர் மேல் சுமத்துவதில்தான் அது போய் முடிகிறது.

ஒருமுறை தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்தச் சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் கை நடுங்கும். பெண்களில் அது அபூர்வமல்ல. தாய், தந்தை, சகோதரர் எவருக்காவது நீண்டகாலக் கைநடுக்கம் இருந்தால் நரம்பியல் வைத்தியர் ஒருவரிடம் காட்டுங்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால் கையில் குறையில்லை. நிற்கும் விதத்தையும் பிடிக்கும் விதத்தையும் திருத்தினால் போதும்.

அடுத்த தையலுக்கு முன் மேசையின் உயரத்தைப் பாருங்கள். அது உங்கள் முழங்கை மட்டத்தில் இருக்கவேண்டும். பெரும்பாலும் மேசை உயரமான நிபுணருக்கு ஏற்றபடி நிற்கும். உதவிக்கு நிற்கும் இளையவர் தோளைத் தூக்கிக்கொண்டு வேலை செய்வார். தூக்கிய தோளின் களைப்பு விரல் நுனிவரை இறங்கும். கால்மேடை ஒன்று கேளுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். முழங்கைகளை விலாவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரம், விரிப்புத் துணியின் மேல், நோயாளியின் உடலில் படிந்திருக்கட்டும். அந்தரத்தில் நிற்கும் கை யாருடையதாக இருந்தாலும் ஆடும். ஊசிப்பிடியின் நுனியால், ஊசியை அதன் நூல் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடியுங்கள். தோலுக்குள் செங்குத்தாக நுழைந்து மணிக்கட்டைச் சுழற்றுங்கள். ஊசி வளைந்திருப்பதே அதற்காகத்தான்; தள்ளத் தேவையில்லை. தள்ளும்போதுதான் நடுக்கம் வெளியே தெரிகிறது. மூச்சை அடக்கவும் வேண்டாம். மெல்ல வெளிவிடும்போது ஊசியை ஏற்றிப் பாருங்கள்.

அறையில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று சொல்கிறேன். சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதிமாரிடம் கேட்டால் காலாவதியான நூல் பொதிகள் கிடைக்கும். இலேசான பிளாஸ்டிக் கோப்பை ஒன்றின் அடியில் சிறு கொக்கியை ஒட்டி, கையுறை அணிந்துகொண்டு, அந்தக் கொக்கியைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். கோப்பை மேசையை விட்டு எழும்பினால் நூலை மேல்நோக்கி இழுத்திருக்கிறீர்கள் என்று பொருள். வயிற்றுக்குள் அதே இழுவை மெல்லிய நாளம் ஒன்றைப் பிய்த்துவிடும். முடிச்சைச் சுட்டுவிரலால் கீழே கொண்டுபோய்ப் படியவைக்கப் பழகுங்கள். வலது கையால் வந்தபின் இடது கையால். பிறகு கையுறையைச் சவர்க்கார நீரில் நனைத்துக்கொண்டு. தோல் தையலுக்குக் கடையில் வாங்கும் கோழித்தோல் நன்றாகவே போதும். நாளொன்றுக்கு 15 நிமிடம் செய்தால் போதும், ஆனால் ஒரு நாளும் விடாமல் செய்யவேண்டும். விடுமுறை நாளில் மூன்று மணிநேரம் உட்கார்ந்து ஈடுகட்டும் பழக்கம் விரல்களுக்கு உதவாது.

இனித் துறை.

மூளைக் கட்டியை அகற்றுவதைப் பார்த்து மனம் அந்தப் பக்கம் போனதில் ஆச்சரியம் இல்லை. நுண்நோக்கியின் ஒளியில் அந்த வேலையைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஆனால் நீங்கள் பார்த்தது அந்தத் துறையின் மிகச் சிறந்த சில மணிநேரங்களை. ஒரு துறையோடு முப்பது வருடம் வாழப்போகிறவர் பார்க்கவேண்டியவை வேறு. அந்தத் துறையின் கிளினிக் வாசலில் அதிகமாக உட்கார்ந்திருப்பவர் யார்? நடுஇரவில் தொலைபேசி அடிப்பது பெரும்பாலும் எதற்காக? எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் தவறிப்போகும்போது அங்கே என்ன நடக்கிறது, அப்போது அந்தக் கட்டிலருகே உங்களால் நிற்கமுடியுமா? மூன்றாவது கேள்விதான் ஆளை அந்தந்தத் துறைக்கு உரியவராக்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். சத்திரசிகிச்சையின் அழகில் எல்லாத் துறைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றின் தோல்விகள்தான் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை.

நரம்பியல் சத்திரசிகிச்சையில் அன்றாடம் வருபவர் மூளைக் கட்டியோடு வருபவர் அல்லர். தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டாமல் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்த இளைஞர் வருவார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து, சில கிழமைகள் கழித்து நடை தள்ளாடத் தொடங்கிய பெரியவர் வருவார். அந்தப் பெரியவரின் மண்டையோட்டில் துளையிட்டுத் தேங்கிய பழைய இரத்தத்தை வெளியே எடுத்தால், மறுநாள் காலையில் எழுந்திருந்து தேநீர் கேட்கக்கூடும். அந்த இளைஞர் கண் விழிக்காமலே போகலாம், அல்லது விழித்தும் தாயை அடையாளம் காணாமல் இருக்கலாம். தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவில் ஒரு வெள்ளி இரவு அனுமதி பெற்று நின்று பாருங்கள். அதோடு நிறுத்திவிடாமல், ராகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு ஒரு காலைப்பொழுது போய்வாருங்கள். உயிர் காப்பாற்றப்பட்டவர்கள் கரண்டி பிடிக்கவும், சட்டைப் பொத்தான் போடவும் மீண்டும் பழகுவதை அங்கே பார்க்கலாம். சத்திரசிகிச்சை நிபுணர் நாலு மணிநேரத்தில் செய்ததன் மிச்சக் கணக்கு அங்கேதான் மாதக் கணக்கில் தீர்க்கப்படுகிறது. அதையும் பார்த்தபின் மனம் நரம்பியலிலேயே நின்றால், தயங்காமல் அந்த வழியில் போங்கள்.

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் அந்தத் துறையின் முதுகெலும்பு தீக்காயம். கொதிநீர் கொட்டிய குழந்தை, சமையலறையில் சேலை பற்றிக்கொண்ட பெண், தன்னைத்தானே எரித்துக்கொண்டவர்; பிறகு பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த பிள்ளை, இயந்திரத்தில் விரலைக் கொடுத்த தொழிலாளி. கட்டு மாற்றும் ஒவ்வொரு காலையும் வலியோடு போராடும் வேலை அது. தீக்காயங்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், விழுந்தாலும் உருளாத விளக்கு ஒன்றை வடிவமைத்தார் நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. குட்டையான, கனத்த கண்ணாடி, இருபக்கமும் தட்டை, திருகி மூடும் உலோக மூடி. வெற்றுப் போத்தலில் திரி போட்டு எரிக்கும் மண்ணெண்ணெய் விளக்கு சரிந்து விழுந்து எத்தனையோ குடிசைகளில் எத்தனையோ பேரைச் சுட்டிருந்தது. அதற்கு மாற்றாக வந்தது இந்தச் சுதீப விளக்கு. 1998ஆம் ஆண்டு அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு துறையின் நோயாளியை அவ்வளவு ஆழமாகப் பார்த்தவரால்தான் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே வந்தும் அந்த நோயோடு மல்லுக்கட்ட முடிந்தது. உங்கள் மனம் யாருடைய துன்பத்தை வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் நினைத்துக்கொண்டிருக்கிறது என்று கவனியுங்கள்.

வருமானத்தைப் பற்றி நினைப்பதில் குற்றமில்லை. வீட்டுக் கடன் இருக்கும், தம்பி தங்கையரின் படிப்பு இருக்கும். ஆனால் கடமை முடிந்து மாலையில் தனியார் வைத்தியசாலைக்குப் போய் வருமானம் தேடும் வாய்ப்பு எல்லாத் துறை நிபுணருக்கும் கிடைக்கிறது. கூடக் குறைய இருக்கலாம். அந்த வித்தியாசத்துக்காகப் பிடிக்காத வேலையை அறுபது வயதுவரை இழுக்கவேண்டியதில்லை.

பொதுச் சத்திரசிகிச்சையை உங்கள் பட்டியலிலேயே காணவில்லை. அதனால் அதைப் பற்றிச் சற்று நீட்டியே எழுதுகிறேன். நான் வாழும் துறை என்பதால் பற்றும் இருக்கிறது. இப்போது நீங்கள் வேலை செய்யும் விடுதியில் எத்தனை கட்டில்களில் நீரிழிவுக் கால் இருக்கிறது என்று இன்று எண்ணிப் பாருங்கள். செருப்புக் கடித்த சின்னப் புண், உணர்விழந்த பாதம், ஒரு கிழமை கழித்துக் கறுத்த விரல். அந்தக் காலைக் காப்பாற்ற முடிவெடுப்பதா, முழங்காலுக்குக் கீழே எடுப்பதா என்ற முடிவு, மிகச் சிக்கலான கட்டியை அகற்றும் முடிவுக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. காலை எடுத்தால் அவர் நாளை முச்சக்கர வண்டி ஓட்டமுடியாது. எடுக்காமல் விட்டால் கிருமி இரத்தத்தில் ஏறி ஆளையே கொண்டுபோய்விடலாம். அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து, அவரோடும் மனைவியோடும் பேசி, ஒரு முடிவுக்கு வரும் அரைமணிநேரம் உங்களுக்குச் சுமையாகத் தெரிகிறதா, உங்களுக்கே உரிய வேலையாகத் தெரிகிறதா? பதில் இரண்டாவது என்றால் பொதுச் சத்திரசிகிச்சை உங்களைத் தேடுகிறது.

2015ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு உலக நாடுகளின் சத்திரசிகிச்சை நிலைமையை ஆராய்ந்தது. பாதுகாப்பான சத்திரசிகிச்சையும் மயக்கமருந்தும் எட்டாத நிலையில் 500 கோடி மக்கள் இருப்பதாகச் சொன்ன அந்த அறிக்கை, ஒரு மாவட்ட வைத்தியசாலை தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்க மூன்று சிகிச்சைகளை அளவுகோலாக எடுத்தது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அவசரச் சத்திரசிகிச்சை, தோலைக் கிழித்து வெளிவந்த எலும்புமுறிவுக்கான சிகிச்சை. மூளையும் இதயமும் அதில் இல்லை. நிபுணராகிப் பெயரெடுத்தபின் கொழும்பிலேயே தங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் நியமனங்கள் வெளிமாவட்டங்களில் கிடைப்பதே இயல்பு. மன்னாரிலோ முல்லைத்தீவிலோ அம்பாறையிலோ இரவு இரண்டு மணிக்குக் கிழிந்த மண்ணீரலோடு ஒருவர் வந்தால், சத்திரசிகிச்சைக் கூடத்தில் மூத்தவர் என்று இருப்பது நீங்கள் மட்டுமாக இருக்கலாம். அந்த இரவுக்கு ஆயத்தமாவது எந்தத் துறைக்குப் போகிறவருக்கும் கட்டாயம்.

மற்றத் துறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுவர் சத்திரசிகிச்சை பிடிக்கிறதா என்று அறிய பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பெற்றோர் காத்திருக்கும் வாங்குகளைப் பாருங்கள். அங்கே நோயாளி ஒருவர், நீங்கள் பேசவேண்டியவர்கள் மூவர் நால்வர். சிறுநீரகச் சத்திரசிகிச்சையில் கல்லும் புரோஸ்டேட்டும் அன்றாடம். திரையைப் பார்த்து வேலை செய்யும் கண்ணும் கையும் வேண்டும். குருதிக்குழாய்த் துறைக்கு நீரிழிவுக் காலும், இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைப்பதும் அன்றாடம். எலும்புமுறிவுத் துறைக்கு ஆண்களின் உடல்பலம் வேண்டும் என்பது பழங்கதை. எலும்பைப் பொருத்துவது நெம்புவிசையாலும் ஒழுங்கான நிலைப்பாட்டாலும். இயந்திரக் கருவிகளும் இருக்கின்றன. எக்ஸ்ரே கதிர்களுக்கு நடுவே நிற்பதால் ஈயக் கவசத்தை ஒழுங்காக அணியும் பழக்கம் மட்டும் கட்டாயம். கருவுற்றிருக்கும் காலத்தில் அதை முன்கூட்டியே சொல்லி வேலையை மாற்றிக்கொள்ளலாம்.

கண் வைத்தியம் "போதும்" என்று வீட்டில் சொல்வது அந்தத் துறைக்குச் செய்யும் அநியாயம். நுண்நோக்கியின் கீழ் மில்லிமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் வேலை செய்வது யாருக்கும் இலகுவான வழியல்ல. அதற்குத் தனியான எம்.டி. (முதுநிலை மருத்துவப் பட்டம்) பாதை இருக்கிறது, காது, மூக்கு, தொண்டைக்கும் அப்படியே. கண்ணில் உங்களுக்கு ஆசை இருந்தால் போங்கள். பெண் என்பதற்காக ஒதுங்குமிடமாக அதைத் தேடவேண்டாம்.

பெண் என்பதைப் பற்றி நேராகவே சொல்கிறேன். சத்திரசிகிச்சைப் பயிற்சியின் காலமும், திருமணம், குழந்தை என்று வீட்டார் எதிர்பார்க்கும் காலமும் ஒன்றோடொன்று மோதும். முதுநிலைப் பயிற்சி முடிந்து நிபுணராகக் கையெழுத்திடும்போது பெரும்பாலானோருக்கு முப்பதுகளின் நடுப்பகுதி வந்துவிடுகிறது. ஆண்களுக்கும் அதே வயதுதான். ஆனால் அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. நான் பயிற்சியில் இருந்தபோது என்னிடமும் கேட்டார்கள். பயிற்சி முடியட்டும், பிறகு வாழ்வோம் என்று ஒத்திவைக்காதீர்கள். உங்கள் துறையில் நிபுணர் பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் பெண் சிரேஷ்ட ரெஜிஸ்ட்ரார் ஒருவரைத் தேடிப் பிடித்து, பிரசவ விடுமுறை எடுத்தபின் பயிற்சி எப்படி நீண்டது, குழந்தையை யார் பார்த்தார்கள், கணவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் சொல்வது என் அறிவுரையைவிடப் பெறுமதியானது. வீட்டாரையும் ஒருநாள் அவரோடு பேசவையுங்கள். "முடியாது" என்று சொல்லும் அம்மாக்களில் பலர், செய்துகாட்டிய ஒருத்தியை நேரில் பார்க்காததால்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

உங்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. உப துறையை இன்றே முடிவுசெய்யவேண்டியதில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980ஆம் ஆண்டிலிருந்து நிபுணர்களை உருவாக்கி வருகிறது. சத்திரசிகிச்சை எம்.டி.க்கு முதலாம் பகுதிப் பரீட்சை, ரெஜிஸ்ட்ராராகச் சுழற்சிப் பயிற்சி, இரண்டாம் பகுதிப் பரீட்சை, சிரேஷ்ட ரெஜிஸ்ட்ரார் காலம், அதற்குள் வெளிநாட்டுப் பயிற்சி, பிறகு நிபுணராக ஏற்கும் சபைச் சான்றிதழ் என்று பாதை நீள்கிறது. சுழற்சிக் காலத்திலேயே பல துறைகளை உள்ளேயிருந்து பார்த்துவிடுவீர்கள். இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. தரவரிசைக்கும் அதில் பங்குண்டு. ஆகவே ஒன்றை மட்டும் கட்டிப்பிடிக்காமல் இரண்டு துறைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தகுதி நிபந்தனைகளும் பாடத்திட்டமும் அவ்வப்போது மாறுகின்றன. மூத்தவர்கள் தங்கள் காலத்து ஞாபகத்தில் சொல்வதை நம்பாமல், நிறுவகத்தின் அண்மைய விளக்கக்கோவையை நீங்களே வாசியுங்கள். நிறுவகம் இருக்கும் நொரிஸ் கெனால் வீதிக்கு உங்கள் வைத்தியசாலையிலிருந்து ஒரு பஸ் பயணம்தான்.

முதலாம் பகுதிக்கு அடிப்படை உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல் ஆகியவை வேண்டும். எல்லோரும் கேள்வித் தொகுப்புகளை மனனம் செய்கிறார்கள். அதை விடச் சொல்லமாட்டேன். ஆனால் விடுதியில் அன்று பார்த்த நோயாளியை அன்றிரவு புத்தகத்தில் தேடுங்கள். குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கு உதவி செய்த நாளில் கவட்டுக் கால்வாயின் நான்கு சுவர்களையும் வெறுந்தாளில் வரையுங்கள். தைரொயிட்டை அகற்றிய நாளில் குரல்வளைக்குப் போகும் நரம்பு எந்த நாடியின் அருகே ஓடுகிறது என்று வரையுங்கள். ஒரு படமும் ஒரு முகமும் சேர்ந்தால் மூன்று வருடம் கழித்தும் மறக்காது. இங்கிலாந்தின் எம்.ஆர்.சி.எஸ். என்ற சத்திரசிகிச்சைக் கல்லூரி உறுப்புரிமைப் பரீட்சையையும் எழுதவேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். அதன் முதற் பகுதிப் பாடப்பரப்பு பெருமளவு ஒன்றுதான். ஒருமுறை படித்தது இரண்டுக்கும் உதவும். கட்டணம் நம் சம்பளத்துக்குப் பெரிய சுமை என்பதால், வெளிநாடு போகும் எண்ணம் இல்லாதவர் அவசரப்படத் தேவையில்லை.

ஒரு கொப்பி வாங்கி, நீங்கள் உதவிய சத்திரசிகிச்சை ஒவ்வொன்றையும் அன்றே எழுதுங்கள். பெயர் வேண்டாம், வயது, நோய், செய்தது, உங்கள் பங்கு, 30 நாள் கழித்து அவர் எப்படி இருக்கிறார். கடைசி நிரலை நிரப்புபவர்கள் மிகக் குறைவு. நோயாளி வீட்டுக்குப் போனபின் தையல் பழுத்ததா என்று தெரியாமலே பலர் பயிற்சியை முடித்துவிடுகிறார்கள். அந்த நிரலை ஒழுங்காக நிரப்பினால், நேர்முகப் பரீட்சையில் காட்ட ஒரு நல்ல தணிக்கை ஆய்வும் அதிலிருந்தே வரும்.

சத்திரசிகிச்சை தொடங்குமுன் வாய்விட்டு வாசிக்கும் பாதுகாப்புப் பட்டியலை நீங்கள் வாசிப்பவராக முன்வாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அந்தப் பட்டியலை எட்டு நகரங்களில் பரீட்சித்து 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும், சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும் குறைந்தன. எந்தப் புதிய மருந்தும் இல்லாமல், பெயரையும் பக்கத்தையும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த நேரத்தையும் உரக்கக் கேட்டதால் வந்த மாற்றம் அது. இளையவர் வாசித்தால் அங்குள்ள எல்லோர் பெயரும் அவருக்குத் தெரியவரும். மயக்கமருந்து நிபுணருக்கும் தாதிமாருக்கும் அவருடைய பெயர் தெரியவரும். நான் பயிற்றுவிக்கும் ரெஜிஸ்ட்ரார் எப்படிப்பட்டவர் என்று அறிய நான் முதலில் கேட்பதும் அந்தத் தாதிமாரைத்தான்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று ஊசிகளையும் போட்டுக்கொண்டீர்களா? போட்டிருந்தால் எதிர்ப்பொருள் அளவை இரத்தத்தில் பார்த்தீர்களா? அது லீற்றருக்கு 10 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். இதைப் பாராமல் கத்தியைத் தொடும் இளையவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் விடயம். ஊசி குத்திவிட்டால் மறைக்கவேண்டாம். உடனே கழுவி, உடனே அறிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தால் சில மணித்தியாலங்களிலேயே தொடங்கவேண்டும்.

மிஞ்சியிருப்பது சிங்களம். இலக்கணத்தோடு தொடங்கவேண்டாம். வலி எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா, முன்பு மயக்கமருந்து கொடுத்தபோது ஏதும் நடந்ததா. இந்த ஐந்தையும் விடுதித் தாதி ஒருவரிடம் கேட்டு, அவர் உச்சரிப்பிலேயே எழுதிப் பாடமாக்குங்கள். பதில் புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். ஒருமுறை திருப்பிக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. பிழையாகப் பேசும் வைத்தியரைச் சிங்கள நோயாளிகள் பெரும்பாலும் அன்போடு திருத்துவார்கள். மூன்று மாதத்தில் விடுதிச் சுற்றைத் தனியாகச் சமாளிப்பீர்கள்.

அதேவேளை, கொழும்பு வைத்தியசாலைகளில் உங்கள் தமிழுக்கும் வேலை இருக்கிறது. நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் மாற்றி அனுப்பப்படும் தோட்டத் தொழிலாளர்கள், கிளிநொச்சியிலிருந்து அம்புலன்ஸில் வந்திறங்கும் முதியவர்கள், சம்மதப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்று மட்டும் காட்டப்பட்டு எதற்கு என்று தெரியாமல் படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் சத்திரசிகிச்சை நூல்களைத் தமிழாக்கி, மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அத்தனை காலத்துக்கு முன்பே அது முடிந்திருக்கிறது என்றால், இன்று ஒரு நோயாளிக்கு அவருடைய வயிற்றில் என்ன செய்யப்போகிறோம் என்று தமிழில் விளக்கப் பத்து நிமிடம் கிடைக்காமல் போகாது. இன்றைய பட்டியலில் தமிழ் பேசும் நோயாளி யாரும் இருந்தால், கையெழுத்து வாங்கியாகிவிட்டது என்று சொன்னாலும், கூடத்துக்குக் கொண்டுபோகுமுன் நீங்கள் ஒருதரம் போய்ப் பேசுங்கள். என்ன நோய், என்ன செய்யப்போகிறோம், என்ன பிழை நேரக்கூடும், செய்யாவிட்டால் என்ன ஆகும். சொல்லி முடித்தபின், அவர் விளங்கிக்கொண்டதை அவருடைய சொல்லில் உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.